அளவெடுக்காத கவுன்

எங்கள் தோட்டத்துப் பெண்களைச் சேலையிலிருந்து கவுனுக்கு மாற்றியது நான்தான் என்று ஒரு காலத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமை கண்ணை மறைத்ததில்தான் என் அக்காவைப் பறிகொடுத்தேன். மார்பில் வந்த கட்டியை அவள் இரண்டு தீபாவளிக்கு மேல் ஒளித்து வைத்திருந்தாள். ஒளித்து வைக்கத் தோதான உடுப்பைத் தைத்துக் கொடுத்தவள் நான். இதைச் சொன்னால், உன்மேல் என்ன பிழை, எல்லாம் விதி என்று ஆறுதல் சொல்ல வந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், கேட்டால் போதும்.

அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். பத்து வயது மூத்தவளான அக்காதான் என் தலையைச் சீவி, பேன் பார்த்து, முதுகில் இரண்டு போட்டு வளர்த்தாள். அவள் கல்யாணம் கட்டியும் தூரம் போகவில்லை. லயம் என்கிற வரிசை வீடுகளில் அடுத்த காம்பராதான். நடுவில் ஒரு சுவர். அவள் வீட்டில் ரொட்டி தட்டுகிற சத்தம் எங்கள் வீட்டில் கேட்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்தேன்.

பதினோராம் வகுப்புப் பரீட்சையில் கணக்கு என்னைக் கவிழ்த்துவிட்டது. அப்பா ஹட்டனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் என்னைத் தங்கவைத்துத் தையல் படிக்க அனுப்பினார். தொண்ணூறுகளின் நடுவில் அது. படித்து முடித்து, பழைய மெஷின் ஒன்றோடு திரும்பி வந்தேன். லயத்துக்கு முன்னால் கூரை இறக்கிய இஸ்தோப்பு உண்டல்லவா, அதில் மெஷினைப் போட்டேன். கொழுந்துக் கூடைகளும் விறகும் கோழிகளும் இருந்த இடத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் பிழைக்கிற பெண் அப்போது நான் ஒருத்திதான். அந்தத் திமிர் கொஞ்சம் எனக்கு இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

வகுப்பில் கழுத்து, தோள், மார்பு, இடுப்பு என்று நாடாவை வைத்து அளவெடுக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டத்தில் அது நடக்கவில்லை. எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம். தைக்கத் துணி கொடுக்கும்போது, உடம்பில் சரியாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கூடவே கொடுத்துவிடுவார்கள். அதற்கு அளவு ரவிக்கை என்று பெயர். பட்டணத்துத் தையல்காரர்கள் எல்லாம் ஆம்பிளைகள், அவர்கள் கை உடம்பில் படக்கூடாதே என்று வந்த வழக்கம் அது. தைக்கிறவள் பொம்பிளை ஆன பிறகும் மாறவில்லை. நான் நாடாவை எடுத்தாலே வெட்கப்பட்டு, கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு, அளவு ரவிக்கை இருக்குதானே என்பார்கள். எனக்கும் அது வேலை மிச்சம். ரவிக்கையை விரித்துத் துணிமேல் வைத்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டினால் முடிந்தது. நாடா என் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவின் அளவு ரவிக்கை அவள் கல்யாணத்துக்குத் தைத்த அரக்கு நிறத்தது. பிள்ளை ஒன்று பெற்ற பிறகும், பன்னிரண்டு வருஷம் கழித்தும், அது அவளுக்கு அப்படியே பொருந்தும். அதைப் பற்றி அவளுக்கு அடங்காத பெருமை. அக்கா உடுத்துகிறதே ஒரு பெரிய வேலை. கைக்குச் சேலையின் கரையை வெட்டிப் பிடிக்க வேண்டும், முதுகில் கொக்கி வேண்டும், உள்பாவாடை நிறம் சேலையோடு ஒத்துப்போக வேண்டும். மாரியம்மன் தேருக்கு அவள் மடிப்பு எடுக்கத் தொடங்கினால், தேர் ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். மற்றப் பெண்கள் வாசலில் காத்து நின்று, மகாராணி இன்னும் புறப்படலியா என்று சத்தம் போடுவார்கள். அவள் அசையமாட்டாள். கடைசிக் குண்டூசியைக் குத்திவிட்டுத்தான் வெளியே வருவாள். கோவிலுக்கு மட்டும் இல்லை, மலைக்குப் போகும்போதுகூட பழஞ்சேலைதான் என்றாலும் ரவிக்கை கச்சிதமாக இருக்கும். பொம்பிளைன்னா பொம்பிளையா தெரியணும் என்பது அவள் கட்சி.

என் கட்சி வேறு. எனக்குச் சேலை என்றாலே ஆகாது. தாவணியை இழுத்துக் குத்திக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் நசுங்கிய ஆறு மாதத்திலேயே அந்த வெறுப்பு வந்துவிட்டது. மலையில் வேலை செய்கிறவர்கள் பாடு அதைவிட மோசம். விடிய முன் எழும்பி, பீலியில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைக் கிளப்பி, அந்த அவதியிலும் ஆறு யார் நீளச் சேலையைச் சுற்ற வேண்டும். அதற்கு மேல் புருஷனின் பழைய சட்டை, அதற்கு மேல் இடுப்பில் படங்கு என்கிற சாக்குத்துணி, அதை இறுக்க ஒரு கயிறு. மழை பெய்தால் எல்லாம் ஊறி ஒரு மூட்டை கனம் கனக்கும். சாயந்தரம் அடுப்புக்கு மேலே கொடியில் போட்டால் மறுநாள் காலையிலும் ஈரம். புகை மணக்கிற ஈரச்சேலையைத் திரும்பவும் சுற்றிக்கொண்டு வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் பேர் கொடுக்க ஓடுவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்தான் வரும்.

அப்போதுதான் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்துக்குச் சேலைதான் கட்டுவார், கட்டாயம். வீட்டுக்கு வந்ததும் அதை உரித்து எறிந்துவிட்டுத் தொளதொளவென்று ஒரு உடுப்புப் போட்டுக்கொள்வார். அவர் அதைச் சட்டை என்பார், நாங்கள் கவுன் என்போம். எங்கள் தோட்டத்தில் கவுன் சின்னப் பிள்ளைகள் போடுகிறது. பெரியமனுஷி ஆனதோடு கழற்றிப் போட்டுவிட வேண்டும். ஒரு முழு மனுஷி, அதுவும் டீச்சர், கவுன் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பல் துலக்குகிறார் என்று பெண்கள் வாயில் கைவைத்தார்கள். அவர் அதைச் சட்டையே செய்யவில்லை.

அவருடைய பழைய உடுப்பு ஒன்று கிழிந்தபோது, அதே மாதிரி தைத்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கத் தையல், ஒரு வட்டக் கழுத்து, இரண்டு கை. கொக்கி இல்லை, பிடிப்பு இல்லை, அளவு இல்லை. தலைவழியாகப் போட்டால் முடிந்தது. இரண்டரை யார் சீத்தைத் துணி போதும். அன்றைக்கே எனக்கும் ஒன்று வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டேன். கையைத் தூக்கினேன், குனிந்தேன், படியில் இறங்கி ஏறினேன். உடம்பு எனக்கே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. இதை எல்லோருக்கும் போட்டுவிடாமல் ஓயமாட்டேன் என்று முடிவு கட்டினேன்.

லேசில் நடக்கவில்லை. முதலில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வேறு வழியில்லாமல் போட்டாள். பிறகு இடுப்பு வலிக்காரி ஒருத்தி. அவர்கள் மேலே ஒரு சட்டையும் கீழே படங்கும் கட்டி மலைக்கே போய்விட்டார்கள். கங்காணி, மலைக்கு வந்தீங்களா, தூங்க வந்தீங்களா என்று கேட்டாராம். மழை நாளில் இவர்கள் உடுப்பு மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடுகிறது என்று மற்றவர்கள் கண்டதும் பேச்சு மாறியது. இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில், எங்கள் லயத்தில் பாதிப் பேர் வீட்டிலும் வேலையிலும் கவுன்தான். நான் மெஷினில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரைப் பார்த்து, இது நான் தைத்தது, அது நான் தைத்தது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

அக்கா மட்டும் மசியவில்லை. நான் எவ்வளவோ வாதாடினேன், கெஞ்சினேன், கிண்டல் செய்தேன். அவள் என் கவுனைப் பிடித்துக் காற்றில் ஆட்டி, இதுக்குள்ள நீ எந்தப் பக்கம் இருக்கே என்று கேட்டு லயத்தையே சிரிக்கவைப்பாள். அவளை மாற்ற முடியாததுதான் எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மற்றவர்களை எல்லாம் மாற்றியது கணக்கில் சேராது, அவள் மாற வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம், அவளே வந்தாள். கையில் துணி. கறுப்பில் பெரிய பெரிய ஊதாப் பூ. வெளிர் நிறம் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காதவள் வாங்கின துணியா இது என்று நினைத்தேன். எனக்கும் ஒரு கவுன் தைத்துக் கொடு என்றாள், நெஞ்சுப் பக்கம் நன்றாக லூசாக இருக்கட்டும் என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மகாராணி இறங்கி வந்துட்டாங்க என்று பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டாள்.

"அளவெடுக்கலியா?"

"கவுனுக்கு என்னா அளவு? ஒன்னையும் கங்காணி பொண்டாட்டியையும் ஒண்ணா நிக்கவச்சாலும் ஒரே வெட்டுதான்" என்றேன்.

அவள் உடனே போகவில்லை. மெஷின் பக்கத்தில் நின்று, துணியின் ஓரத்தைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது வேணுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நான் கத்திரிக்கோலை எடுத்துவிட்டேன், அவள் மனம் மாறிவிடக்கூடாதே என்ற அவசரம் எனக்கு. அவள் கண்முன்னாலேயே வெட்டினேன். இருட்டும் முன் தைத்து முடித்துப் போட்டும் பார்க்கவைத்தேன், அவளுடைய ரவிக்கைக்கு மேலேயே. ரொம்ப லேசா இருக்கு என்றாள். அந்தச் சொல்லை நான் மாதக்கணக்காக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அதன் பிறகு அவள் ரவிக்கை தைக்கக் கொடுக்கவே இல்லை. கவுன் மேல் கவுனாகத் தைத்துக்கொண்டாள், எல்லாம் கறுப்பு, கருநீலம், காப்பி நிறம், எல்லாம் பெரிய பூ. தேருக்கு வரவில்லை. தலைவலி என்றாள், அடுத்த முறை கால்வலி என்றாள். தேர் நாளில் வீட்டில் இருந்து மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். இவளுக்கும் ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது, அலங்காரப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அதை அவளிடமே சொல்லவும் செய்தேன்.

எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் காணவில்லை. பீலியில் நாங்கள் கூட்டமாகத்தான் குளிப்போம். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, அதோடேயே நனைந்து, அதோடேயே சோப்புப் போட்டு, காய்ந்ததை மேலே போட்டுக்கொண்டு ஈரத்தைக் கீழே நழுவவிடுவோம். எங்கள் உடம்பை எங்கள் கண்ணே முழுசாகப் பார்த்ததில்லை. அப்படி மூடிக் குளிக்கிற இடத்திலும் அக்கா கூட்டத்தோடு வருவதை நிறுத்தினாள். எல்லோரும் மலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, வேலையைப் பாதியில் விட்டு வந்து தனியாகக் குளித்தாள். யாரோடோ மனஸ்தாபம் என்று எண்ணிக்கொண்டேன். அவள் மேல் எப்போதும் பவுடர் வாசம் வீசத் தொடங்கியது. குழந்தைக்குப் போடுகிற பவுடர். புருஷனுக்கு இப்பதான் புது மாப்பிள்ளை நினைப்பா என்று கேலி செய்தேன். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை எப்படிச் சிரித்தாளோ.

இரண்டாவது தீபாவளியும் போய், அடுத்த வருஷ மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். அவள் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். அக்கா தூங்குகிற நேரம், மூலையில் கிடந்த அழுக்கை அள்ளிக்கொண்டு நான் பீலிக்குப் போனேன். கருநீலக் கவுனைக் கல்லில் போட்டு விரித்தபோது, உள்பக்கம் கைக்கு மொடமொடவென்று பட்டது. திருப்பிப் பார்த்தேன். இடது மார்பு வருகிற இடத்தில், பழைய சேலைத் துண்டை நாலைந்து மடிப்பாக மடித்து, உள்ளே வைத்துத் தைத்திருந்தது. காய்ந்து மஞ்சளும் பழுப்புமாகக் கறை. பூவும் கருநீலமும் சேர்ந்ததில் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

என் கண் கறையில் நிற்கவில்லை, தையலில் நின்றது. கோணலும் மாணலுமாக, ஒன்று நீளம் ஒன்று குட்டை, கறுப்பு நூல் தீர்ந்து பாதியில் சிவப்பு நூல். அக்காவுக்குத் தைக்கவே வராது. பொத்தான் அறுந்தால்கூட என்னிடம்தான் எறிவாள். மெஷின் வைத்திருக்கிற தங்கச்சி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க, அவள் விளக்கடியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்து, இதைத் தானே தைத்திருக்கிறாள். மற்றக் கவுன்களையும் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, நான் துவைக்கவில்லை.

திரும்பிப் போனபோது விழித்திருந்தாள். என் கையில் ஈரம் படாத துணிகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தை எதிர்பார்த்தேன், இல்லை. நெடுந்தூரம் நடந்து வந்தவளுடைய களைப்புத்தான் இருந்தது. பாத்துட்டியா என்றாள். கவுனை விலக்கிக் காட்டினாள். அதைச் சொல்ல என்னால் முடியாது.

அன்றைக்கு முழுக்க நான் அவளைத் திட்டினேன். ஏன் சொல்லலே, ஏன் சொல்லலே என்று வாய் ஓயாமல் கேட்டேன். யார்கிட்ட சொல்றது என்றாள். தோட்டத்து மருந்துக்காரர் ஆம்பிளை. புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை, அவனும் இருட்டில் எதையும் கண்டவன் இல்லை. வலிக்கவும் இல்லையாம், முதலில் ஒரு நெல்லிக்காய் அளவுதானாம். வலிக்காத ஒன்றுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மேலுடுப்பைக் கழற்றுவதா என்று நாளைக் கடத்தியிருக்கிறாள். பிறகு ரவிக்கை இறுக்கி உரசி வலிக்கத் தொடங்கியது. அதற்குக் கவுன் நல்லதாகப் போய்விட்டது.

நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் பார்த்தது ஒரு பெண் டாக்டர், சிங்களம் பேசுகிறவர். அக்கா இரண்டு வருஷமாகப் பயந்த ஆம்பிளை டாக்டர் அங்கே இல்லவே இல்லை. திரைக்குள்ளே அவர் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றினார். பிறகு, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். அக்காவுக்குச் சிங்களம் கடைச் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். ரெண்டு தீவாளி என்று தமிழில் சொன்னாள். நான்தான் இரண்டு வருஷம் என்று சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் என் பக்கம் திரும்பி, நீ கூடப் பிறந்தவளா, ஒரே வீடா என்று கேட்டார். பக்கத்து வீடு என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். எலும்பிலும் இருக்கிறது என்றார்கள். சில மருந்துகள் கொடுத்தார்கள், சில தடவை கண்டிக்கும் தோட்டத்துக்கும் அலைந்தோம். பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அவள் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். கடைசியில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கிளம்பும் நாளில் அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது குடும்பத்தில் வரக்கூடியது, நீயும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவள் மகளும் வயது வந்ததும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு கடதாசித் துண்டில் என் பேரையும் ஒரு தேதியையும் எழுதிக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்காவின் இடது கை வீங்கத் தொடங்கியது. விரல் வரை வீங்கி, எந்தக் கவுனின் கைக்குள்ளும் நுழையாமல் போனது. புண்ணுக்கு மருந்து கட்டவும் தலைவழியாகக் கழற்ற முடியவில்லை. முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி, ஒரு கை அகலமாக ஒன்று தைக்க வேண்டும். அதற்கு அளவு வேண்டும். வேறு வழி இல்லை. நான் என் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து, படுத்திருந்தவளின் கையைச் சுற்றி வைத்தேன். தையல் பழகியதிலிருந்து அவளை நான் நாடா வைத்து அளந்தது அதுதான் முதல் தடவை.

அவள் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் கவுனுக்கா வந்தேன் புள்ள? நீ அளவெடுப்ப, கையில தட்டுப்படும், என்னாக்கா இதுன்னு நீயே கேப்பேன்னுதான் வந்தேன். எனக்கு வாயால சொல்ல வரல."

நாடாவை அவள் கையைச் சுற்றி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ அளவு வேணாம்னுட்ட" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான். "பொறவு ஒவ்வொரு தடவையும், இன்னிக்காச்சும் எடுப்பாளான்னு பாத்தேன்."

அவளுக்கு மொத்தம் ஏழு கவுன் தைத்திருக்கிறேன். ஏழு தடவை அவள் என் முன்னால் வந்து நின்றிருக்கிறாள். முதல் தடவை போக, மற்ற ஆறு தடவையும் துணியைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வா என்று அனுப்பியிருக்கிறேன். இதை நினைக்காத நாள் இல்லை. தூங்கிப் போனாலும் விடியும்போது அந்த நினைப்புத்தான் முதலில் வருகிறது. கடவுள் மன்னித்துவிடுவார் என்று சிலர் சொல்கிறார்கள். அவர் மன்னிக்கட்டும், எனக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஒரு மழை நாள் காலையில் போய்விட்டாள். குளிப்பாட்டுகிற பெண்கள் சுமங்கலியாகப் போனவளுக்குச் சேலைதான் கட்ட வேண்டும் என்றார்கள். கல்யாணச் சேலையை எடுத்து வந்தார்கள். ரவிக்கைக்குள் அந்தக் கை போகவில்லை. நீ தைக்கிறவதானே, எதாவது செய் என்றார்கள். நான் மெஷின் பக்கம் போகவில்லை. கடைசியில் கவுனுக்கு மேலேயே சேலையைச் சுற்றினார்கள். மடிப்பு சரியாகவே நிற்கவில்லை. குளிப்பாட்டும்போது பார்த்ததை அவர்கள் வெளியே பேசவில்லை. ஒருத்தி மட்டும் என் காதருகே குனிந்து, பக்கத்துலயே இருந்தியே, ஒனக்குத் தெரியலியா என்று கேட்டாள்.

காரியம் முடிந்த மறுவாரமே கவுன் தைக்கத் துணி வந்தது. அக்கா போனதால் யாரும் கவுனை விடவில்லை, விட வேண்டிய காரணமும் இல்லை. உடுப்பு என்ன செய்யும்? சேலை கட்டினவர்களும் ஒளிக்கத்தான் போகிறார்கள். நான் நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். எல்லோருக்கும் அளவெடுக்கப்போகிறேன் என்றேன். கவுனுக்கு என்னா அளவு என்று கேட்டார்கள், என் வாயிலிருந்து கற்றுக்கொண்டதுதானே. உடம்பில் ஏதாவது வித்தியாசம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கூட்டிப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா போன துக்கத்தில் இவளுக்குக் கொஞ்சம் கலங்கிவிட்டது என்று பேச்சு வந்தது. சில பேர் என்னிடம் வருவதை விட்டு, ஹட்டன் நடைபாதையில் தொங்குகிற ரெடிமேட் நைட்டிகளை வாங்கத் தொடங்கினார்கள். அதுவும் அளவில்லாத உடுப்புத்தான், தைத்தவளின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

தகப்பன் தனியாக வளர்க்க முடியாது என்று, அக்கா மகளைப் பதினெட்டு வயது வரை நான்தான் வைத்திருந்தேன். பிறகு கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் வெட்கப்பட்டாள், பயந்தாள். முதலில் நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க சின்னம்மா, பிறகு நான் போறேன் என்றாள். நியாயமான பேச்சு. போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் போகவில்லை. துண்டில் இருந்த தேதி போனது, வருஷமும் போனது. ஒரு தடவை கண்டி வரைக்கும் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, உள்ளே போகிற பெண்களைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். திரைக்குள்ளே போய் உடுப்பைக் கழற்றுவதை நினைத்தால் கால் நகரவில்லை. அங்கே இருப்பது பெண் டாக்டர் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கு நேர்ந்தது தெரியும், எல்லாம் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. பீலியில் பாவாடையை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் இன்றைக்கும் குளிக்கிறேன். சோப்புப் போடும்போது அந்த இடத்தைக் கை தானாகத் தாண்டிப் போகிறது. அக்காவை ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் திட்டிய வாய் இது.

போன மாதம் அக்கா மகள் கடையிலிருந்து போன் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் கேட்கிறதையே கேட்டாள், போனீங்களா சின்னம்மா என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை தடவைதான் மழை, வேலை என்று சாக்குச் சொல்வது?

"போயிட்டு வந்தேன். ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. பிறகு குரல் தெளிந்து, சந்தோஷமாகக் கேட்டாள்.

"அப்ப எனக்கும் இருக்காதுதானே சின்னம்மா? நான் போகத் தேவயில்லதானே?"

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "ம்" என்றேன்.